கணினிப் பராமரிப்பு டெண்டர்: சந்தை விலையை யாரிடம் கேட்பது?

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் வந்தது. அதன் பத்தாவது பிரிவில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. வந்த விலைகளில் மிகக் குறைந்ததும் சந்தை விலையைவிட அதிகமாகத் தெரிந்தால், அந்தக் குறைந்த விலைக்காரரிடம் பேசி விலையைக் குறைக்கச் சொல்லலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணினிகளைப் பராமரிக்கும் வேலைக்குச் சந்தை விலை எங்கே எழுதி ஒட்டியிருக்கிறது? சுவர் எழுப்பவும் சாலை போடவும் பொதுப்பணித் துறையின் விலை அட்டவணை இருக்கிறது. கான்கிரீட் என்ன விலை என்று புத்தகத்தைப் பிரித்தால் தெரிந்துவிடும். பேர்ணாம்பட்டில் நின்றுபோன பிரிண்டரை மறுநாள் காலைக்குள் ஓட வைக்க எவ்வளவு ஆகும் என்பதற்கு அட்டவணை கிடையாது. சட்டம் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது. அதைப் பயன்படுத்தத் தேவையான தகவலை அலுவலகம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

அந்தத் தேடலுக்கு வழக்கத்தில் இருக்கும் வழிகளையும், இருந்தும் யாரும் போகாத வழிகளையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் தீர்ப்பை முன்பே சொல்லிவிடுகிறேன்: மூன்று விலைப்புள்ளி வாங்கிக் கோப்பில் கோப்பது இருப்பதிலேயே மோசமான வழி. முடிந்துபோன ஒப்பந்தங்களைப் படிப்பதும், அந்த நிறுவனங்களிடம் இப்போது வேலை வாங்கிக்கொண்டிருப்பவர்களை நேரில் போய்க் கேட்பதும் இருப்பதிலேயே நல்லவை. மற்றவை இடத்துக்கு ஏற்றபடி.

பேச்சுக்கு ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். தலைமையிடம் வேலூரில், சத்துவாச்சாரிப் பக்கம். வேலூர், அணைக்கட்டு, காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம், பேர்ணாம்பட்டு ஆகிய ஆறு வட்டங்களிலும் கிளைகள். மொத்தம் 300 கணினிகள், அவற்றுக்கு ஏற்ற பிரிண்டர்கள், யு.பி.எஸ்.கள், சில நெட்வொர்க் சுவிட்சுகள். இப்போதைய பராமரிப்பு ஒப்பந்தம் மார்ச் 31இல் முடிகிறது.

சந்தைக்குப் போவதற்கு முன்

வெளியே விசாரிப்பதற்கு முன் உள்ளே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: புகார்ப் பதிவேடு. கடந்த ஓராண்டில் யார், எப்போது, எந்தக் கருவிக்காகக் கூப்பிட்டார்கள், எத்தனை நாளில் சரியானது? இது இல்லாமல் சந்தையிடம் போனால், நமக்கு என்ன வேண்டும் என்பதையும் விற்பவரே சொல்லிக் கொடுப்பார். அவரிடம் எது இருக்கிறதோ அதுதான் நமக்கு வேண்டியதாகிவிடும்.

பதிவேட்டை ஒழுங்காக எழுதும் அலுவலகங்களில் ஒன்று தெளிவாகத் தெரியும். கணினியே கெட்டுப்போவது குறைவு. பிரிண்டரில் காகிதம் சிக்குவது, யு.பி.எஸ். பேட்டரி படுத்துவிடுவது, எலி கடித்த கேபிள், மறந்துபோன கடவுச்சொல் என்பவைதான் பெரும்பாலான அழைப்புகள். அதிலும் பேட்டரிக்கு நம் ஊரில் தனிக்கதை இருக்கிறது. அடைப்பு வகை ஈய அமில பேட்டரியின் ஆயுளை 25 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டுத்தான் தயாரிப்பாளர் சொல்கிறார். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். வேலூரின் மே மாதம் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வட்ட அலுவலகத்தின் பதிவறையில், மேசைக்கு அடியில், கட்டுக்கட்டான கோப்புகள் காற்றோட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்க, சுவரோடு ஒட்டி வைக்கப்பட்ட யு.பி.எஸ்.ஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பேட்டரியின் பக்கங்கள் புடைத்து, வெளியே இழுக்க முடியாதபடி கூட்டோடு இறுகியிருக்கும். ஆக, பேட்டரி ஒப்பந்தத்துக்குள்ளா, வெளியேவா என்ற ஒரு கேள்வியே விலையைப் பெரிதாக மாற்றிவிடும். சென்னையில் குளிரூட்டிய அறைகளில் வேலை பார்த்துப் பழகிய நிறுவனம் இதை நினைத்துப் பார்க்காமல் விலை போட்டுவிட்டு, இரண்டாவது கோடையில் முரண்டு பிடிக்கும்.

பழைய வேலூர் மாவட்டம் 2019 நவம்பர் இறுதியில் மூன்றாகப் பிரிந்தது. இராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் போன கருவிகள் இங்கே சொத்துப் பதிவேட்டில் இன்னும் உட்கார்ந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லாத கணினிக்குப் பராமரிப்புக் கட்டணம் கட்டும் வாய்ப்பு இதுபோன்ற இடங்களில்தான் பிறக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுங்கள். 300இல் எத்தனை கணினிகள் விண்டோஸ் 11ஐ ஏற்கும், எத்தனை ஏற்காது, ஏற்காதவற்றை என்ன செய்யப் போகிறோம்? இதற்கு விடை இல்லாமல் விலை கேட்டால், ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விடையை மனத்தில் வைத்துக்கொண்டு விலை சொல்லும். அந்த விலைகளை ஒப்பிடவே முடியாது.

மூன்று விலைப்புள்ளி

இருக்கை எழுத்தருக்கு எளிய வழி, தெரிந்த கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, “மூன்று கொட்டேஷன் வேண்டும்” என்பது. அவரே மூன்றையும் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். நான் பார்த்த ஒரு கோப்பில் மூன்று நிறுவனங்களின் மூன்று கடிதத்தாள்கள் இருந்தன. மூன்றிலும் பராமரிப்பு என்ற சொல்லில் ஒரே எழுத்துப்பிழை, கருவிகளின் வரிசை ஒன்று, தேதி ஒன்று. இரண்டாவது விலை முதல் விலையைவிடச் சரியாக ஐந்து சதவீதம் கூடுதல். மூன்றாவது பத்து சதவீதம் கூடுதல். அந்தக் கோப்பு எல்லா மேசைகளையும் கடந்து ஒப்புதலும் பெற்றிருந்தது.

கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. உண்மையாகவே தனித்தனியாக மூன்று பேரிடம் கேட்டாலும் வருகிற விலையில் அவ்வளவு பொருள் இருக்காது. வேலை கிடைக்குமா என்று தெரியாத ஒருவர், டெண்டருக்கு முன்பே தன் உண்மையான விலையைக் கடிதத்தில் எழுதிக் கொடுப்பாரா? உயர்த்தித்தான் எழுதுவார். அந்த உயர்ந்த விலையை அடிப்படையாக வைத்து நாம் மதிப்பீடு போடுவோம். டெண்டரில் கொஞ்சம் குறைவாக வந்ததும் அரசுக்கு மிச்சப்படுத்திவிட்டதாகக் குறிப்பு எழுதுவோம். டோனர் இரண்டு, மவுஸ் நான்கு வாங்க இது போதும். ஓராண்டுச் சேவைக்கு இதை நம்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முடிந்த ஒப்பந்தங்களைப் படிப்பது

இதற்குச் செலவு இல்லை, யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, தணிக்கையில் கேட்டால் காட்டவும் ஆதாரம் இருக்கிறது. மாநில அரசின் மின்னணு ஒப்பந்தப்புள்ளித் தளத்தில் மற்ற மாவட்டங்களும் துறைகளும் வெளியிட்ட ஆவணங்கள் கிடைக்கும். அரசு அலுவலகங்கள் இணையத்தில் கொள்முதல் செய்ய 2016இல் தொடங்கிய மத்திய அரசின் ஜெம் தளத்தில் கணினிப் பராமரிப்புக்கும் ஆள் வழங்கலுக்கும் தனித்தனிச் சேவைப் பிரிவுகள் இருக்கின்றன. முடிந்த ஏலங்களில் யார் என்ன விலைக்கு எடுத்தார்கள் என்பதும் தெரியும். வேலூரில் இருக்கும் மத்திய அரசு அலுவலகங்கள் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி அங்கேதான் வாங்க வேண்டும். மாநில அலுவலகம் அங்கே வாங்காவிட்டாலும் படிக்கத் தடை ஏதும் இல்லை.

படிக்கும்போது விலையை மட்டும் பார்ப்பதுதான் பலரும் வழுக்கி விழும் இடம். ஓரிடத்தில் கணினி ஒன்றுக்கு ஆண்டுக்கு 900 ரூபாய், இன்னோர் இடத்தில் 4,000 ரூபாய் என்று இருந்தால் முதலாவது மலிவு என்று பொருளில்லை. உதிரி பாகமும் சேர்ந்த முழுப் பராமரிப்பா, கூலி மட்டுமா? கருவிகள் உத்தரவாதக் காலத்தில் இருந்தனவா? எல்லாம் ஒரே வளாகத்திலா, மாவட்டம் முழுக்கச் சிதறியா? ஆள் அங்கேயே உட்கார்ந்திருப்பாரா, கூப்பிட்டால் வருவாரா? தாமதத்துக்கு அபராதம் நாளுக்கு எவ்வளவு? இந்த ஐந்துக்கும் விடையை விலைக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டால்தான் அந்த எண் பேசும்.

ஆள் வழங்கும் ஏலங்களில் இன்னொரு வினோதமும் இருக்கிறது. ஊதியம் முன்பே நிர்ணயிக்கப்பட்டுவிடுவதால் எல்லா நிறுவனங்களும் சேவைக் கட்டணத்தைத் தளம் அனுமதிக்கும் அடிமட்டத்தில் போட்டுவிட்டு ஒரே விலையில் வரிசையாக நிற்கும். பிறகு கணினியே குலுக்கிப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அந்த முடிவிலிருந்து சந்தையைப் பற்றி நாம் அறிவது ஒன்றுமில்லை. அப்படிப்பட்டவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

இந்த வழியின் உண்மையான குறை, அது வென்றவரின் விலையைச் சொல்லுமே தவிர, வென்றபின் அவர் வேலை செய்தாரா என்பதைச் சொல்லாது. அதற்கு வேறு வழிக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஒரு கணக்கு.

அடியிலிருந்து கட்டும் விலை

சந்தை என்ன சொல்கிறது என்று தேடும்போதே, நியாயமான விலை என்னவாக இருக்க முடியும் என்று நாமே கட்டிப் பார்க்கலாம். பட்டயப் படிப்பு முடித்த ஒரு களப் பொறியாளருக்கு மாதம் 20,000 ரூபாய் சம்பளம், அதில் வைப்பு நிதிக்குக் கணக்காகும் பகுதி 15,000 என்று வைத்துக்கொள்வோம். வைப்பு நிதியில் முதலாளியின் பங்கு, காப்பீடு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 13 சதவீதம்: 1,950 ரூபாய். இ.எஸ்.ஐ.யில் முதலாளியின் பங்கு 3.25 சதவீதம்: 650. போனசுக்கும் விடுப்பில் போகும்போது மாற்றாளுக்கும் 1,700 ஒதுக்குவோம். இருசக்கர வாகனத்துக்குப் பெட்ரோல், தொலைபேசி 3,000. ஆக 27,300. நிறுவனத்தின் நிர்வாகச் செலவும் லாபமும் பத்து சதவீதம் என்றால் 30,030. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டால் 35,435 ரூபாய். ஒரு பொறியாளருக்கு ஆண்டுக்குச் சுமார் 4.25 லட்சம்.

நம் 300 கணினிக்கும் ஆறு வட்டங்களுக்கும் மூன்று பேர் வேண்டும் என்றால் ஆண்டுக்குச் சுமார் 12.75 லட்சம். கணினி ஒன்றுக்கு 4,250 ரூபாய், உதிரி பாகம் இல்லாமல். இப்போது ஒருவர் கணினிக்கு 1,200 ரூபாய் என்று போட்டிருக்கிறார் என்றால், மொத்தம் 3.6 லட்சம். வரியோடு சேர்த்து ஓர் ஆளுக்கு ஆகும் 4.25 லட்சத்துக்கே அது போதாது. மூன்று பேரை எப்படி அனுப்புவார்? சம்பளத்தில் கை வைப்பார், அல்லது காகிதத்தில் மூன்று பேர், களத்தில் ஒருவர். இந்தக் கணக்கு கோப்பில் முன்பே இருந்தால், அந்த 1,200 ரூபாய்க்காரரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்க நமக்கு ஒரு பிடி இருக்கும். இல்லாவிட்டால் குறைந்த விலை என்ற ஒரே சொல்லுக்கு எல்லோரும் தலையாட்ட வேண்டியதுதான்.

இதில் இரண்டு திருத்தங்கள் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு கடைக்கு இ.எஸ்.ஐ. பொதுவாகப் பொருந்தாது, இருபதுக்குக் குறைவானவருக்கு வைப்பு நிதியும் அப்படியே. அவருடைய விலை சட்டப்படியே கொஞ்சம் குறைவாக இருக்கலாம், அது மோசடி அல்ல. இன்னொன்று வரி. உள்ளாட்சிகளுக்கு வழங்கும் சில சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. உங்கள் வேலை அதில் வருமா வராதா என்று கணக்குப் பிரிவிடம் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விலை திறந்த பிறகு அந்த விவாதத்தைத் தொடங்கினால் வரிசையே மாறிப்போகும்.

தகவல் கோரும் கடிதம்

அமெரிக்கக் கூட்டரசின் கொள்முதல் ஒழுங்குவிதிகளில் சந்தை ஆய்வுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அங்கும் அது பத்தாவது பகுதிதான். டெண்டர் விடுவதற்கு முன், இன்ன வேலை வரப்போகிறது, உங்களால் முடியுமா, எப்படிச் செய்வீர்கள் என்று நிறுவனங்களிடம் எழுதிக் கேட்பது அங்கே வழக்கம். பதில் சொன்னவருக்கு வேலை உண்டு என்ற வாக்குறுதி இல்லை, சொல்லாதவர் பின்னால் டெண்டரில் கலந்துகொள்ளத் தடையும் இல்லை. இங்கும் பெரிய திட்டங்களுக்கு விருப்பம் கோரும் அறிவிப்பு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஏறக்குறைய இதே குடும்பம்.

நமக்குப் புதியதான வேலை சேரும்போது இது மிகவும் பயன்படும். ஒரு காட்டு சொல்கிறேன். சைபர் தாக்குதல் போன்ற சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், கணினிகளின் இயக்கப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று அந்த அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவு சொல்கிறது. அரசு அலுவலகங்களும் அதற்கு உட்பட்டவைதான். நம் பராமரிப்பு ஒப்பந்தக்காரரால் இதைச் செய்ய முடியுமா, அவரிடம் அதற்கு ஆள் இருக்கிறாரா, இதற்குத் தனியாக ஆள் பிடிக்க வேண்டுமா? இதைப் பழைய டெண்டர் ஆவணங்களில் தேடினால் கிடைக்காது. பலவற்றில் “தேவையான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும்” என்று ஒற்றை வரிதான் இருக்கும். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் வேலூரில் இந்த வழிக்கு ஒரு சறுக்கல் இருக்கிறது. இருபது பக்கக் கேள்விப் பட்டியலை ஆங்கிலத்தில் அனுப்பினால், அதற்குப் பதில் எழுதவென்றே ஆட்கள் வைத்திருக்கும் சென்னை, பெங்களூரு நிறுவனங்கள்தான் பதில் அனுப்பும். குடியாத்தத்தில் பத்து ஆண்டுகளாகப் பள்ளிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் ஓடி ஓடி வேலை பார்க்கும் நான்கு பேர் கொண்ட கடை பதில் அனுப்பாது. விளைவு, கிடைக்கும் சந்தைப் படம் 140 கிலோமீட்டரோ அதற்கு மேலோ தள்ளி இருப்பவர்களின் படமாக இருக்கும். ஆகவே இரண்டே பக்கம், தமிழில், கையால் எழுதிக் கொடுத்தாலும் ஏற்போம் என்று போடுங்கள். கேள்விகளும் மண்ணில் நிற்பவையாக இருக்கட்டும்: குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் உங்கள் ஆள் எங்கே குடியிருக்கிறார்? கடந்த ஓராண்டில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள்? ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை போன்றவற்றில் எவ்வளவு கையிருப்பு, எந்த ஊரில்? இதே அளவுள்ள வேலையை இப்போது எங்கே செய்கிறீர்கள், நாங்கள் அங்கே போய்ப் பார்க்கலாமா?

ஆட்கள் விட்டுப்போவதைக் கேட்பது வீண் கேள்வி அல்ல. இந்த வட்டாரத்தில் தொழில்நுட்பம் படித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஓரளவு வேலை பழகியதும் காட்பாடி சந்திப்பில் ரயிலேறிவிடுகிறார்கள். கிழக்கே சென்னை, மேற்கே பெங்களூரு, இரண்டும் அரை நாளுக்குள். நம் அலுவலகத்தின் நெட்வொர்க் எந்தச் சுவரில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவராக இருந்தால், அவரோடு அந்த அறிவும் ரயிலேறும்.

தகவல் கோரலில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது மறுபக்கம். பதில் சொல்பவர் தனக்கு மட்டுமே பொருந்தும் நிபந்தனையை நல்ல யோசனைபோல எழுதிக் கொடுப்பார். ஆண்டு விற்றுமுதல் பத்துக் கோடி இருக்க வேண்டும், குறிப்பிட்ட சான்றிதழ் வேண்டும் என்பவை இப்படித்தான் டெண்டருக்குள் நுழைகின்றன. ஒவ்வொரு தகுதி நிபந்தனைக்கும் எதிரே, பதில் சொன்னவர்களில் எத்தனை பேர் அதில் தேறுகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். மூன்றுக்குக் குறைந்தால் அந்த நிபந்தனை உண்மையிலேயே நமக்கு வேண்டுமா என்று மறுபடி யோசிக்க வேண்டும். 12.75 லட்ச ரூபாய் வேலைக்குப் பத்துக் கோடி விற்றுமுதல் கேட்பது, உள்ளூரில் உள்ள எல்லோரையும் வாசலிலேயே நிறுத்துவதற்குச் சமம்.

நேரில் பேசுவது

விற்பவர்களை நேரில் சந்திப்பது என்றாலே அலுவலகங்களில் ஒரு நடுக்கம். யாராவது புகார் எழுதிவிட்டால் என்ற பயம் நியாயமானதுதான். அதற்குப் பதிலாகப் பலரும் டெண்டர் வெளியான பிறகு நடக்கும் விளக்கக் கூட்டத்தை நம்புகிறார்கள். சந்தை ஆய்வுக்கு அது உதவாது. டெண்டர் ஏற்கெனவே வெளியாகிவிட்டது. திருத்தம் வெளியிட்டுத்தான் எதையும் மாற்ற முடியும். போட்டியாளர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க, யார் தன் மனத்தில் உள்ளதைச் சொல்வார்? முன்வைப்புத் தொகையைப் பற்றி இரண்டு கேள்வி, கடைசித் தேதியைத் தள்ளிவைக்க ஒரு வேண்டுகோள், தேநீர், அத்துடன் முடிந்துவிடும்.

சந்திப்பு பயன்பட வேண்டுமானால் டெண்டருக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அறிவித்து, வர விரும்பும் எல்லோரையும் அழைத்து, அலுவலகத்தின் தரப்பில் இரண்டு மூன்று பேராவது உட்கார்ந்து, நடந்ததைக் குறிப்பாக எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். அதைவிட நல்லது, மூடிய அறையில் பேசாமல் இடத்தைக் காட்டுவது. அணைக்கட்டுப் பக்கம் ஒடுகத்தூருக்கு மேலே பீஞ்சமந்தை மலைக்கு ஏறும் வேலை இருக்கிறது என்றால், அந்தப் பாதையை விலை போடுவதற்கு முன்பே அவர்கள் பார்த்துவிடட்டும். “அழைத்த நான்கு மணி நேரத்தில் வர வேண்டும்” என்ற நிபந்தனையை வேலூரில் உட்கார்ந்து எழுதுவது எளிது. மலையில் மழை நாளில் அதன் பொருள் வேறு. சமவெளிக்கு நான்கு மணி நேரம், மலைக்கு மறுநாள், இடைக்கால ஏற்பாடாக அங்கே ஒரு மாற்றுக் கணினி என்று பிரித்துக் கேட்டால் விலை நியாயமாக வரும். பிரிக்காமல் கேட்டால், விவரம் தெரிந்தவர் அபராதத்தையும் சேர்த்து விலையைக் கூட்டுவார். தெரியாதவர் குறைத்துப் போட்டு வேலையை எடுத்துவிட்டுப் பாதியில் கைவிடுவார்.

இப்போதைய பயனாளர்களைக் கேட்பது

யாரும் போகாத வழி என்று முதலில் சொன்னதில் முக்கியமானது இது. இராணிப்பேட்டையிலும் திருப்பத்தூரிலும் நம்மைப் போன்ற அலுவலகங்கள் இருக்கின்றன. ஒரே மாவட்டமாக இருந்தவை என்பதால் கருவிகளும் பழக்கங்களும் ஏறக்குறைய ஒன்று. சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கிறது. நகரத்தில் பெரிய மருத்துவமனைகளும் கல்லூரிகளும் ஆயிரக்கணக்கான கருவிகளை ஓட வைத்துக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்கு நம்மிடம் விற்க ஒன்றும் இல்லை. ஆகவே மறைக்கவும் அதிகம் இல்லை.

போகும்போது கணினிப் பிரிவுத் தலைவரிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். ஒப்பந்தத்தைப் போட்டவர் அதைக் குறை சொல்ல மாட்டார். கடைசி மேசையில் சான்றிதழ் அச்சிட்டுக் கொடுக்கும் ஊழியரிடம் கேளுங்கள்: பிரிண்டர் நின்றால் யாருக்குப் போன் செய்கிறீர்கள்? அவர் ஒப்பந்த நிறுவனத்தின் புகார் எண்ணைச் சொன்னால் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது. “பக்கத்துத் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான், அவனைக் கூப்பிட்டு இருநூறு ரூபாய் கொடுத்துவிடுவோம்” என்றால், அந்த நிறுவனத்தின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது விலையே இல்லை; அந்த இருநூறு ரூபாய் ஊழியரின் பையிலிருந்து போகிறது. எந்த அறிக்கையிலும் கிடைக்காத தகவல் இது.

இந்த வழிக்குக் குறை என்றால் அலைச்சலும், கேட்பதைப் பொறுத்து மாறும் பதில்களும்தான். ஒரு கசப்பான சம்பவத்தை வைத்து ஒரு நிறுவனத்தையே ஒதுக்கிவிடக் கூடாது. டெண்டர் மதிப்பீட்டிலும் இந்த வாய்மொழியைப் பயன்படுத்த முடியாது. நிபந்தனைகளை எழுத மட்டுமே இது உதவும். “முந்தைய வேலை திருப்திகரமாக முடிந்ததற்கான சான்று” என்ற பொதுவான வரிக்குப் பதில், “கடந்த ஆறு மாதப் புகார்ப் பதிவின் நகல், வாடிக்கையாளர் கையொப்பத்துடன்” என்று கேட்கும் யோசனை இப்படிப்பட்ட அலைச்சலில்தான் வரும்.

பொது நிறுவனங்களிடம் ஒப்படைப்பது

சந்தையை நாம் ஏன் விசாரிக்க வேண்டும், 1977 முதல் இருக்கும் மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டிடம் கொடுத்துவிடலாமே என்று ஒரு கேள்வி வரும். மத்திய அலுவலகங்களுக்கு அதேபோன்ற மத்திய அரசு நிறுவனமான நிக்சி இருக்கிறது. சர்வர், ஃபயர்வால், பெருமளவில் கணினி வாங்குவது போன்றவற்றுக்கு இது சரியான வழி. அவர்களுடைய பேர வலிமை நம்மிடம் இல்லை, டெண்டர் நடத்தும் சுமையும் நீங்கும். வட்டங்களில் ஓடியாடும் அன்றாடப் பராமரிப்புக்கு அவ்வளவு பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. நமக்கும் வேலை செய்பவருக்கும் இடையே இன்னோர் அடுக்கு வரும். பேர்ணாம்பட்டு பிரிண்டருக்காக யார் மேல் கோபப்படுவது என்பதே தெரியாமல் போகும். ஆனால் மாவட்டத் தேசிய தகவலியல் மையத்தில் இருக்கும் அதிகாரியிடம் வரைவு நிபந்தனைகளைக் காட்டி ஒரு மணி நேரம் பேசுவதற்கு எந்தச் செலவும் இல்லை. அதை விட்டுவிடாதீர்கள்.

நம் அலுவலகத்துக்கு எது?

300 கணினிகள், ஆண்டுக்கு 12 அல்லது 13 லட்சம் என்ற அளவுக்கு நான் தேர்ந்தெடுப்பது இது: புகார்ப் பதிவேடு, முடிந்த பத்துப் பன்னிரண்டு ஒப்பந்தங்களின் வாசிப்பு, சொந்த விலைக் கணக்கு, மூன்று நான்கு அலுவலகங்களுக்கு நேரில் போய் விசாரிப்பு. இரண்டு பக்கத் தகவல் கோரல், புதிய வேலை ஏதாவது சேருவதாக இருந்தால் மட்டும். இருபது முப்பது கணினிகள் உள்ள சிறு அலுவலகம் என்றால் பதிவேடும் சொந்தக் கணக்கும் போதும். அழைப்புக்கு ஒருமுறை கட்டணம் என்ற முறையே அதற்கு மலிவாக வரலாம். கோடிக்கணக்கில் போகும் மாநகராட்சி அல்லது பல்கலைக்கழக அளவு வேலைக்குத் தகவல் கோரலும் அறிவிக்கப்பட்ட சந்திப்பும் தவிர்க்க முடியாதவை. மத்திய அலுவலகமாக இருந்தால், ஆலோசனை அல்லாத சேவைகளிலும் தரத்துக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் கொடுக்க 2021 அக்டோபர் முதல் வழி இருக்கிறது. தகுதியுள்ள அதிகாரி அந்தக் கொள்முதலைத் தரம் சார்ந்தது என்று அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பை நியாயப்படுத்தவும் சந்தை விசாரணைக் குறிப்பு கையில் வேண்டும்.

காலக் கணக்கு மார்ச்சிலிருந்து பின்னோக்கி வரும். இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கு மாநில விதிப்படி குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் 30 நாள். தொழில்நுட்ப உறை, விலை உறை, ஆய்வு, ஒப்புதல், பணி ஆணை, பழையவரிடமிருந்து புதியவருக்குக் கைமாற்றம் எல்லாம் சேர்த்தால் டிசம்பர் கடைசியில் ஆவணம் தயாராக இருக்க வேண்டும். விசாரணையை அக்டோபரில், ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் தொடங்குவது நல்லது. பிப்ரவரியில்தான் நினைவுக்கு வந்தது என்றால், பழைய ஒப்பந்தத்தில் நீட்டிப்பு விதி இருக்கிறதா என்று பார்த்து மூன்று மாதம் நீட்டிக்கக் குறிப்பு வைத்துவிட்டு, அந்த மூன்று மாதத்தில் புகார்ப் பதிவேட்டையாவது ஒழுங்காக எழுதச் சொல்லுங்கள். விசாரித்த ஒவ்வொன்றுக்கும் தேதி, கேட்ட கேள்வி, பதில் சொன்னவரின் பதவி மூன்றும் கோப்பில் இருக்கட்டும். விலை உறை திறந்த அன்று பத்தாவது பிரிவின்படி பேசப் போகும் அதிகாரி புரட்டப்போவது அந்தப் பக்கங்களைத்தான்.